பெருந்தொற்றுக் காலத்தில் உடல் நலிந்த தொழிலாளர் பாதுகாப்பு

கிராமங்களில் வேலை நடைபெறும் இடங்களில் பல வகை மக்கள் ஒன்றுகூடுகின்றனர். வலிமை மிக்க இளைஞரும் வருவர். வயது முதிர்ந்தோரும், நீண்ட நாள் நோயுடையோரும் வருவர். கொள்ளை நோய் பரவும் காலத்தில் இவர்கள் அனைவரையும் ஒரே விதிக்கு உட்படுத்தினால் போதாது. நலிந்தோருக்குத் தனிப் பாதுகாப்புத் தேவை. அதனை எவ்வாறு செய்வது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

2020-ஆம் ஆண்டின் அனுபவம்

கோவிட் நோயைப் பெருந்தொற்று என 2020 மார்ச்சு 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 20 முதல், முகக்கவசம், இடைவெளி ஆகிய நிபந்தனைகளுடன் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளைத் தொடங்க மத்திய அரசு அனுமதித்தது. அதே சமயத்தில், 65 வயதைக் கடந்தோர், இணைநோய் உடையோர், கருவுற்ற மகளிர் ஆகியோர் இயன்றவரை வீட்டிலேயே இருக்குமாறும் அறிவுறுத்தப்பட்டது.

இவ்வறிவுரை மருத்துவ நோக்கில் சரியானதே. ஆயினும், அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தினர் இதனைக் கடைப்பிடிப்பது எளிதன்று. அவ்வாண்டு நம் மாநிலத்தில் அத்திட்டத்தின் ஒரு நாள் கூலி 256 ரூபாய். வேலை செய்தோருக்கே கூலி உண்டு. ஆகவே வீட்டிலிருந்தால் வருவாய் போகும். வேலைக்குச் சென்றால் உயிருக்கு அபாயம். இவ்விரண்டுக்கும் இடையே தொழிலாளர் அகப்பட்டுக்கொள்ளாதவாறு வேலையை அமைப்பதே பஞ்சாயத்தின் கடமையாகும்.

நலிந்தோர் யாவர்?

முதியோர், நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய் உடையோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உண்போர், கருவுற்ற மகளிர் ஆகியோர் இவ்வகையினர். இவர்களை நோய் தொற்றினால் அது கடுமையாவதற்கு வாய்ப்பு மிகுதி. தோற்றத்தைக் கொண்டு இவர்களை அறிந்துகொள்ள இயலாது. நாற்பது வயதில் திடமாக மண் சுமப்பவருக்கும் நீரிழிவு இருக்கக்கூடும்.

எளிய வேலையும் அபாயமற்ற வேலையும்

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். வேலைத்தலத்தில் குடிநீர் வழங்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதல் முதலிய எளிய பணிகளை முதியோருக்கு அளிப்பது நம் வழக்கம். சாதாரண நாட்களில் அது பரிவுள்ள ஏற்பாடே. ஆனால் கோவிட் போன்ற நோய், மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வெளிப்படும் நுண்துளிகளால் பரவுவது. குடிநீர் வழங்குபவர் அங்குள்ள ஒவ்வொருவரையும் நாளுக்குப் பலமுறை அருகில் சந்திக்கிறார். ஆதலின் உடலுக்கு எளிதான அவ்வேலையே தொற்றுக் காலத்தில் அபாயம் மிகுந்த வேலையாக மாறிவிடுகிறது.

இத்தகையோருக்கு மரக்கன்றுகளுக்கு நீர் ஊற்றுதல், வரப்புச் செதுக்குதல் போன்று, திறந்த வெளியில் தனித்துச் செய்யத்தக்க பணிகளை அளிக்கலாம். குடிநீரை அவரவர் வீட்டிலிருந்தே கொணரச் செய்யலாம். வருகைப் பதிவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கூடாதவாறு, சிறு குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு நேரங்களில் வரச் சொல்லலாம். நெருக்கமாக வண்டியில் ஏறி வருவதைக் காட்டிலும் நடந்து செல்லும் தூரத்தில் வேலை அளிப்பது நன்று. உணவு வேளையில்தான் முகக்கவசத்தைக் கழற்றுகிறோம். அப்பொழுது ஒரே மரத்தடியில் அனைவரும் அமர்வதைத் தவிர்த்தல் வேண்டும்.

முகக்கவசம் மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடினால்தான் பயன் உண்டு. நலிந்தோருக்குத் துணிக் கவசத்தைவிட என்-95 வகை மேலான பாதுகாப்பு அளிக்கும். கவசம் அணிந்து வெயிலில் கடும் வேலை செய்வது இருதய, நுரையீரல் நோயாளருக்குச் சிரமம். அவர்களுக்கு அடிக்கடி ஓய்வு தருதல் அவசியம்.

பஞ்சாயத்தின் பணியாளர்

பஞ்சாயத்தும் ஒரு வேலை அளிப்போர் என்பதை மறத்தலாகாது. தூய்மைக் காவலர், குடிநீர்த் தொட்டி இயக்குவோர், அலுவலக எழுத்தர் ஆகியோரில் நலிந்தோர் இருக்கலாம். அத்தகையோரை நோயாளிகளின் வீட்டுக் குப்பை அள்ளும் பணியிலிருந்து மாற்றி, தெருவைத் தூய்மை செய்யும் பணியில் அமர்த்தலாம். மாற்றம் பெற்றவருக்கு ஊதியம் குறைதல் கூடாது. அலுவலகத்தில் சன்னல்களைத் திறந்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை, பயனோ பெரிது.

இரகசியம் காத்தல்

தமது நோயை வெளியிட்டால் வேலை போய்விடும் என அஞ்சுவோர் அதனை மறைப்பர். மறைத்தபின் அவர்களைக் காக்க வழி இல்லை. எனவே நோயின் பெயரைக் கேட்க வேண்டுவதில்லை. தொற்று அபாயம் மிகுந்த வேலை இவருக்கு ஏற்றதன்று என ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதித் தந்தால் போதும். கிராம சபையில் அப்பெயர்களைப் படிப்பதும், வருகைப் பதிவேட்டில் குறிப்பதும் தகா.

மருந்தும் தடுப்பூசியும்

நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்து தொற்றுக் காலத்தில் தடைபடலாகாது. இம்மருந்துகளை இல்லம் தேடி வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தடுப்பூசியிலும் நலிந்தோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. 60 வயதைக் கடந்தோருக்கும், 45 வயதைக் கடந்து இணைநோய் உடையோருக்கும் 2021 மார்ச்சு 1 முதலே அது கிடைத்தது. ஏனைய பொதுமக்களுக்கு அதன் பின்னரே வழங்கினர். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கும். ஆயினும் தொற்றை முழுவதும் தடுத்துவிடாது. எனவே ஊசி போட்டபின்னும் பிற ஏற்பாடுகளைக் கைவிடலாகாது.

இப்பொழுதே செய்யத்தக்கவை

கோவிட் நோய்க்கான சர்வதேச அவசர நிலையை 2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் முடிவுக்குக் கொணர்ந்தது. நோய் ஓய்ந்த காலமே ஆயத்தத்திற்கு உரிய காலம். தனித்துச் செய்யத்தக்க வேலைகள் நம் ஊரில் எவை எனப் பஞ்சாயத்து இன்றே பட்டியல் எழுதி வைக்கலாம். பணியாளர் எவருக்கு எவர் மாற்றாக இருப்பார் என்பதையும் தீர்மானிக்கலாம். சுகாதார நிலையத்துடன் கலந்து நலிந்தோருக்குச் சான்று பெறும் முறையை வகுக்கலாம். இவை பெரும்பொருள் வேண்டாத காரியங்கள்.

மீண்டும் ஒரு தொற்று வருமாயின், கூலியையும் உயிரையும் ஒருங்கே காக்கும் கிராமமாக நம் கிராமம் விளங்குதல் வேண்டும். அதற்கான முதல் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றுவோமாக.