முன்கையில் ஒரு தடிப்பு... உள்ளே ஒரு ஞாபகம்!

"டாக்டர், என் பையன் நல்லாத்தானே ஓடியாடுறான்? இருமல்கூடக் கிடையாது. அவனுக்கு எதுக்கு ஊசி?"

வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்ததும் அம்மாக்கள் கேட்கிற கேள்வி இது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர் வீடானாலும் சரி, பெரம்பலூரில் சின்ன வெங்காயம் பயிரிடுபவர் வீடானாலும் சரி, கேள்வி நியாயமானதுதான். பதிலைத் தெரிந்துகொள்வோமா?

டி.பி. கிருமி உடம்புக்குள் நுழைந்தவுடனே நோய் வந்துவிடுவதில்லை. பத்துப் பேருக்குத் தொற்றினால், வாழ்நாளில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் அது நோயாக மாறும். மற்றவர்களிடம் அது தூங்கிக்கொண்டிருக்கும். தூங்கும் கிருமி சளியில் வராது. எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? கிருமியைப் பார்த்த சாட்சியை விசாரிக்க வேண்டியதுதான்!

அந்தச் சாட்சிதான் டி செல். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஒவ்வொரு டி செல்லும் ஒரு குறிப்பிட்ட எதிரியை மட்டுமே அடையாளம் காணும். ஒருமுறை பார்த்த எதிரியை வருஷக்கணக்கில் மறக்காது.

மான்டூ டெஸ்ட் இந்த ஞாபகத்தைத்தான் சோதிக்கிறது. டி.பி. கிருமியின் புரதம் கொஞ்சத்தை முன்கைத் தோலுக்குள் செலுத்துவார்கள். பழகிய டி செல்கள் அங்கே கூட்டமாக வந்து சேர, தோல் தடிக்கும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அதை அளக்க வேண்டும். சிவப்பு கணக்கில்லை, தடிப்புதான் கணக்கு. பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 'பாசிட்டிவ்'. அதற்குத் தொற்று இருக்கலாம் என்று அர்த்தம். நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை!

"பிறந்தப்பவே பி.சி.ஜி. போட்டாச்சே?" என்பீர்கள். குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசம் போன்ற கடுமையான வகைகளை அது தடுக்கிறது. ஆனால் 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. போதாததற்கு, அந்த ஊசியே மான்டூவில் தடிப்பை வரவழைத்துக் குழப்பலாம். பி.சி.ஜி.யில் இல்லாத இரண்டு டி.பி. புரதங்களைக் கொண்ட புதிய தோல் பரிசோதனை இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

ஆராய்ச்சிக்கூடங்களில் இன்னும் நுட்பமான வழி உண்டு. கிருமியின் துணுக்கை நம் செல்கள் 'எம்.எச்.சி.' என்ற மூலக்கூறில் ஏந்தி, டி செல்லுக்குக் காட்டும். ஒற்றை மூலக்கூறின் பிடி சீக்கிரம் நழுவிவிடும். அதனால் துணுக்கு ஏந்திய நான்கை ஒன்றாகக் கோத்து, ஒளிரும் சாயம் ஏற்றினார்கள். அதுதான் 'டெட்ராமர்'. 1996-ல் வெளியான உத்தி இது. அந்தத் துணுக்கை அறிந்த டி செல் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிரும், கருவி எண்ணிவிடும். ஆனால் ஆளுக்கு ஆள் எம்.எச்.சி. மாறும். எல்லோருக்கும் ஒரே டெட்ராமர் பொருந்தாததால், நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு இன்றும் தோல் ஊசியே கைகொடுக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால்...

* கூடவே வசிக்கும் அத்தனை பேரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
* ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானால், தோல் பரிசோதனைக்குக் காத்திராமலே தடுப்பு மாத்திரை தருவார்கள்.
* கல் உடைக்கும் இடங்களில் சிலிக்கா தூசியில் வேலை செய்பவர்களுக்கு டி.பி. அபாயம் அதிகம். டாக்டரிடம் வேலையை மறைக்காமல் சொல்லுங்கள்.
* தடுப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஓடியாடும் பிள்ளை என்றைக்கும் ஓடியாட வேண்டும். அதற்குத்தானம்மா இந்த ஊசி!