ஹங்கேரியில் ஒரு செங்கோட்டை

ஊர்ப்பெயர்கள் ஒரு நாட்டின் எழுதப்படாத வரலாற்று ஏடுகளாகும். அரசுகள் மாறினும், குடிகள் இடம்பெயரினும் அவை எளிதில் மறைவதில்லை. இவ்வுண்மையை ஹங்கேரி நாட்டின் சிறுநகர் ஒன்றன் வழியே ஈண்டுக் காண்போம்.

தலைநகர் புடாபெஸ்டுக்கு வடமேற்கே, காடடர்ந்த பிலிஷ் மலைகளுக்கும் புடா மலைகளுக்கும் இடையே பிலிஷ்வொரொஷ்வார் அமைந்துள்ளது. ‘பிலிஷ்’ என்பது மலையின் பெயர், ‘வொரொஷ்’ சிவப்பு, ‘வார்’ கோட்டை. ஆகவே, இதனைப் ‘பிலிஷ் மலைச் செங்கோட்டை’ எனலாம்.

புடா நகர் 1541 முதல் 1686 வரை உதுமானியத் துருக்கியர் ஆட்சியில் இருந்தது. அதன்பொருட்டு நிகழ்ந்த போர்களால் சுற்றுப்புறச் சிற்றூர்கள் பல பாழ்பட்டன. அவற்றைத் திருத்தி உழுதற்கு ஜெர்மானியக் குடிகள் வரவழைக்கப்பட்டனர். இவ்வூர்க்கு வந்தோர் அதன் பெயரை மொழிபெயர்க்கவில்லை. தம் நாவிற்கேற்ப ‘வெரிஷ்வார்’ எனத் திரித்து வழங்கினர். பின்னாளில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலும் இங்குத் தழைத்தது. சுரங்கங்களால் நிலம் தாழ்ந்த இடங்களே இன்று ஏரிகளாய்க் காட்சியளிக்கின்றன.

அம்மக்கள் பேசிய மொழியே பின்னர் அவர்க்கு வினையாயிற்று. 1941ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இனமும் தாய்மொழியும் வினவப்பட்டன. அவற்றுக்கு ‘ஜெர்மன்’ என விடையளித்தோர் ஜெர்மனிக்கு அனுப்பப்படுவர் என 1945 டிசம்பரில் அரசாணை பிறந்தது. ஹிட்லரின் படையில் சேர்ந்தோரும், தாய்மொழியை உள்ளவாறு உரைத்த உழவரும் ஒரே நிரலில் வைக்கப்பட்டனர். 1946இல் இவ்வூர்க் குடும்பங்கள் பலவும் வெளியேற்றப்பட்டன. 1948க்குள் நாடு முழுவதிலும் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். முதல் தொடர்வண்டி 1946 ஜனவரி 19ஆம் நாள் புடாவோர்ஷ் என்னும் ஊரினின்று புறப்பட்டது. அந்நாளை நினைவு நாளாக ஹங்கேரி நாடாளுமன்றம் 2012இல் அறிவித்தது.

1997இல் நகரத் தகுதி பெற்ற இவ்வூரார் பலர், 1895இல் அமைந்த இருப்புப்பாதை வழியே நாள்தோறும் தலைநகருக்குப் பணிக்குச் சென்று திரும்புகின்றனர். புதியோர் பலரும் குடியேறியுள்ளனர். பள்ளிகளில் பொது ஜெர்மன் கற்பிக்கப்படுகின்றது. எனினும், முன்னோர் பேசிய வட்டார வழக்கு முதியோர் நாவளவில் ஒடுங்கி வருகின்றது.

அரசாணைக்கும் அழியாது எஞ்சிய மொழி, இல்லத்தில் பேசுவாரின்றி மெலிகின்றது. பள்ளி மொழியைக் கற்பிக்கலாம். அதனை வாழவைக்கும் பொறுப்போ வீட்டினரைச் சார்ந்தது. மொழி பயிலும் நாம் இவ்வூரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.