கூட்டத்துக்கேற்ற இலகு ரயில்

ஒரகடத்துக்கு அருகேயுள்ள வாலாஜாபாத், பழைய சீவரம், பாலூர் நிலையங்கள் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் உள்ளன. காஞ்சியின் வைகாசி கருட சேவைக்கும், மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரம் பார்வேட்டைக்கும் கூட்டம் பெருகும்; எல்லா நாளும் அப்படி இராது.

கர்நாடகத்தில் சிவமொக்கா–தாளகுப்பா மீட்டர் பாதையில் முன்பு 'ரயில் பஸ்' ஓடியது. பஸ் போன்ற ஒரே வண்டி. தனி எஞ்சின் தேவையில்லை. எடை குறைவு, ஓட்டும் செலவும் குறைவு. ஆனால் திருவிழாவுக்கு ஒரு பெட்டி போதாது.

எனவே கோத்து ஓட்டக்கூடிய இலகு ரயில்களே ஏற்றவை. சாதாரண நாளில் ஒன்று. கூட்ட நாளில் இரண்டைக் கோத்தாலும் ஓட்டுநர் ஒருவரே போதும். விதைப்புக் காலத்தில் கூடுதல் ஏர் பூட்டுவதில்லையா? ஆளில்லை என்று ரயிலை நிறுத்தாமல் இருந்தால்தான் கீரைக்கட்டோடு சந்தைக்குப் போகும் விவசாயிக்கு அது தினமும் கிடைக்கும்.

விவசாயப் பெருமக்கள் தங்கள் நிலையத்தில் எந்த மாதம், எந்த நேரம், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஓராண்டு குறித்து வைத்து, சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு மனு கொடுக்க வேண்டும்.