போல்ட்டின் தலையெழுத்து

தலையெழுத்தை எவராலும் படிக்க முடியாது என்பது நம் ஜனங்களிடையே வழங்கும் பேச்சு. மனிதர் விஷயத்தில் அது எப்படியாயினும், போல்ட்டு விஷயத்தில் அது உண்மையன்று. போல்ட்டின் பலம் இன்னதென்று அதன் தலையிலேயே எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படியாமல், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி முடுக்குவோரே மிகப் பலர். கடலில் செல்லும் படகுக்கு இந்த அசிரத்தை ஆகாது.

காரைக்கால் பிரதேசத்து மீனவக் கிராமங்களில் கருக்களாச்சேரி ஒன்று. இக்கரையில் முன்னாளில் கடலேறியது கட்டுமரம். பெயருக்கேற்ப அது கயிற்றால் கட்டப்பட்ட மரம். முடிச்சின் உறுதியைக் கை அறியும். இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையில் பெருகின. அவற்றில் என்ஜினைப் பிணைத்து நிறுத்துவது கயிறன்று, போல்ட்டு. ஒரே பருமனும் ஒரே பளபளப்பும் உள்ள இரண்டு போல்ட்டுகளில் ஒன்று மற்றொன்றைவிட இருமடங்கு பலமுள்ளதாக இருக்கலாம். கண்ணும் கையும் அந்தப் பேதத்தை அறியா. எண் ஒன்றே சாட்சி.

அந்த எண்ணைப் படிப்பது கடினமன்று. 8.8 என்றிருந்தால், புள்ளிக்கு முன்னுள்ள எட்டை நூறால் பெருக்குக. ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு அறுவதற்கு முன் தாங்கும் இழுவிசை 800 நியூட்டன் என்று கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரையில், அதாவது 640 நியூட்டன் வரையில், போல்ட்டு நிரந்தரமாக நீளாது என்று சொல்கிறது. அவ்வாறே 4.6 என்பது 400-ம் 240-ம், 10.9 என்பது 1000-மும் 900-மும். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் பாரம் தாங்கும் பரப்பு சுமார் 84 சதுர மில்லிமீட்டர். ஆகவே 8.8 ரகம் ஏறக்குறைய ஐந்தரை டன்னில் நீளத் தொடங்கி, ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவில் அறும். 4.6 ரகமோ இரண்டு டன்னிலேயே நீளத் தொடங்கும். எண்ணே இல்லாத போல்ட்டை எல்லாவற்றிலும் பலவீனமானதென்று கொள்வதே விவேகம்.

எண்ணைப் பார்க்குமுன் அளவைப் பார்க்கவேண்டும். மீட்டர் அளவு பிறந்த பிரான்ஸின் ஆட்சியில் காரைக்கால் 1954 வரை இருந்தது. இந்தியா 1956-ல் சட்டமியற்றி மீட்டர் முறையை ஏற்றது. ஆயினும் அங்குல போல்ட்டுகள் மறையவில்லை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டில் 12 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டால் பருமனும் பொருந்தாது, மரையின் இடைவெளியும் பொருந்தாது. பற்றினாற்போல் தோன்றிப் பாரம் வந்ததும் வழுகிவிடும். நட்டுக்கும் எண் உண்டு: 8.8 போல்ட்டுக்கு 8 ரக நட்டே துணை.

அப்படியானால் எல்லாவற்றிலும் பலமானதை வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாப் பாலத்தில் நிகழ்ந்ததை அவர்கள் கவனிக்கவேண்டும். புதிய பாலத்தின் கிழக்குப் பகுதிக்காக, ஏறக்குறைய 10.9 ரகத்துக்கு ஒப்பான துத்தநாகம் பூசிய பெரிய நங்கூரக் கம்பிகளை 2013 மார்ச்சில் முடுக்கினார்கள். 96 கம்பிகளில் 32 கம்பிகள் சில தினங்களில் முறிந்தன. முடுக்குமுன் அவை நின்ற குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. மிகக் கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நீளாமலே, எவ்வித எச்சரிக்கையுமின்றி, கண்ணாடிபோல் முறியும். கடினம் ஏற ஏற இந்த அபாயமும் ஏறும். உப்புநீர் படும் இடத்துக்கு 12.9 ரகத்தைத் தேடுவது பலத்தைத் தேடுவதாகாது.

கடற்கரைக்கு ஏற்றவை எவை? உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த 8.8 போல்ட்டு ஒன்று. அதன் பூச்சுக் கனத்துக்கு இடம்விட்டு மரை வெட்டிய நட்டையே அதனுடன் சேர்க்கவேண்டும். மற்றொன்று ஏ4 என்னும் எவர்சில்வர் ரகம். மாலிப்டினம் சேர்ந்த இந்த எஃகு, ஏ2 ரகத்தைவிட உப்பை நன்கு எதிர்க்கும். ஏ4-70 என்று தலையில் இருந்தால் அறுவிசை 700 நியூட்டன் என்று பொருள். எவர்சில்வர் மரைகள் முடுக்கும்போதே ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும் சுபாவமுடையவை. ஆதலால் தக்க மசகு தடவி, மெதுவாக முடுக்கவேண்டும்.

போல்ட்டு எதைப் பிடிக்கிறது என்பதும் யோசிக்கத்தக்கது. கண்ணாடியிழைப் பலகை எஃகைப்போல் அழுத்தம் தாங்காது. அங்கே போல்ட்டு அறுவதற்கு வெகு முன்பே பலகை நசுங்கும். அகன்ற வாஷரோ, பின்புறம் ஓர் எஃகுத் தகடோ வைத்துப் பாரத்தைப் பரப்புவதே வழி. என்ஜினின் அதிர்ச்சியால் தளராதிருக்க நைலான் வளையமுள்ள நட்டு உதவும். தளர்ந்த போல்ட்டு ஒவ்வோர் அதிர்ச்சியிலும் வளைந்து வளைந்து அலுத்து முறியும். அளவாக இறுகிய போல்ட்டே நீடித்து உழைக்கும்.

இந்தியாவில் போல்ட்டு நட்டுகளுக்கு ஐ.எஸ். 1367 என்ற பிரமாணம் இருக்கிறது. ஆனால் வாங்குவோர் கேட்காதவரையில் பிரமாணம் ஏட்டோடு நிற்கும். ஊரில் நாலெழுத்துப் படித்தவர்கள் இதைத் தம் கடமையாகக் கொள்வார்களென நம்புகிறோம். கடையில் போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். எண்ணும் உற்பத்தியாளரின் குறியும் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். பஞ்சாயத்தும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் மொத்தமாக வாங்கும்போது ரகத்தைக் கொள்முதல் சீட்டில் எழுதி வாங்கட்டும். கரையில் போல்ட்டு முறிந்தால் வேலை கெடும். நடுக்கடலில் முறிந்தால் உயிர் போகும். சில ரூபாய் மிச்சத்துக்காக அந்த அபாயத்தை மீனவர் தலையில் கட்டுவது நியாயமன்று.