வென்றவனை அழைக்கும் பெரிய மேசை

பதுளையிலோ ஊவா மாகாணத்தின் வேறெந்த நகரிலோ கசினோ கிடையாது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மிகப் பெரிய கசினோவும் கொழும்பிலேயே அமைந்துள்ளது. எனினும் பசறை, ஹாலிஎல, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து தலைநகருக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞர்களுக்குப் போக்கர் என்னும் கடதாசி ஆட்டம் எட்டாத தொலைவில் இல்லை. சூதில் தோற்றவன் கடனாளியாவது ஊரறிந்த கதை. சிறிய மேசையில் நாலைந்து இரவுகள் வென்றவன், பந்தயத் தொகை கூடிய மேசைக்கு மாறும்போது என்ன நேர்கிறது என்பதுதான் பலரும் அறியாதது.

போக்கரில் ஆடுவோர் தமக்குள்ளேயே மோதுகின்றனர். மேசை நடத்துபவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் தொகையில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்கிறார். ஆகவே இதில் திறமைக்கு இடமுண்டு என்பதை மறுக்க முடியாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நேரடி மேசையொன்றில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்களே நடைபெறும். பத்து இரவுகள், இரவுக்கு ஐந்து மணி நேரம் ஆடினாலும் 1,500 ஆட்டங்கள்தான். ஒருவர் உண்மையில் திறமைசாலியா என்று கூறப் பல்லாயிரம் ஆட்டங்கள் தேவை. பத்து இரவு வெற்றி என்பது பெரும்பாலும் நல்ல கடதாசி விழுந்ததன் விளைவே.

கட்டாயப் பந்தயம் 100, 200 ரூபாவாக உள்ள மேசையை எடுத்துக்கொள்வோம். வழமையாக அதில் அமர 20,000 ரூபா வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவின்படி இது பதினைந்து நாள் உழைப்பு. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள், அத்தகைய இருபது தொகைகளையேனும் வீட்டுச் செலவுக்குத் தொடர்பில்லாமல் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பர். அது நான்கு இலட்சம். அடுத்த மேசைக்கு எட்டு இலட்சம். தீபாவளி முற்பணத்தையோ அடகு வைத்த நகையின் பணத்தையோ கொண்டு அமர்பவனிடம் இந்த இருப்பு இராது. இழக்க முடியாத பணத்துடன் ஆடுபவன் அஞ்சி ஆடுவான். அந்த அச்சத்தை, பெரிய மேசையில் காத்திருக்கும் பழுத்த ஆட்டக்காரர்கள் எளிதில் கண்டுகொள்வர். (நமது தோட்டங்களில் பெண்கள் மாதந்தோறும் பிடிக்கும் சீட்டில் போட்ட பணமாவது பொதுவாகத் திரும்பி வரும்.)

திருக்குறளில் சூதுக்கென ஓர் அதிகாரம் உண்டு. அதன் முதற்குறள் எச்சரிப்பது தோற்றவனை அல்ல, வென்றவனையே என்பது கவனிக்கத்தக்கது. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமோ சூதை மதுவுடன் சேர்த்தே விலக்குகிறது.

சட்டமும் இதனைக் கவனியாமலில்லை. 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், 2010 ஆம் ஆண்டின் கசினோ ஒழுங்குபடுத்தல் சட்டம் ஆகியவற்றின் பின், 2025 இல் சூதாட்டத்துக்கென ஓர் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைக்க நாடாளுமன்றம் சட்டமியற்றியது. ஆனால் அனுமதிப்பத்திரம் மேசை நடத்துபவரைத்தான் கட்டுப்படுத்தும். எந்த மேசையில் எவ்வளவு பணத்துடன் அமர்வது என்பதை ஆடுபவனே தீர்மானிக்கிறான்.

கைத்தொலைபேசியில் வரும் போக்கரோ இன்னும் வேகமானது. நேரடி மேசையின் இரண்டு மடங்குக்கும் கூடுதலான ஆட்டங்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே வேளையில் பல மேசைகளிலும் ஆடலாம். அங்கே பெரிய மேசைக்கு மாற எழுந்து நடக்கவும் வேண்டியதில்லை, விரலால் ஒருமுறை தொட்டால் போதும்.