பேரனை விட்டு விட்டு விமானம் ஏறும் தாத்தா - பாட்டி!

சம்பளம் இல்லை, வாடகையும் சொந்த பணம்!

மகன் அமெரிக்காவில் இருந்தால் நம்ம ஊர் தாத்தா - பாட்டி என்ன செய்கிறார்கள்? மருமகளின் பிரசவத்துக்கு விமானம் ஏறுகிறார்கள். ஊறுகாய் பாட்டிலும், மாத்திரை பொட்டலமுமாக போய், 6 மாதம் பேரனை பார்த்து கொண்டு, குளிர் தாங்காமல் திரும்பி வருகிறார்கள்.

அதே அமெரிக்காவில் இன்னொரு வகை தாத்தா - பாட்டி உண்டு. அவர்கள் பேரனை விட்டு விட்டு விமானம் ஏறுகிறார்கள்!

யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி என்று ஒரு நகரம். "பிற்கால பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை"யின் தலைமையிடம் அங்கேதான். இவ்வளவு நீளமாக சொன்னால் யாருக்கும் புரியாது. "மார்மன்" என்றால் தெரியும்.

வெள்ளை சட்டை, டை, சட்டை பையில் கறுப்பு பெயர் பட்டை என்று இரண்டு இரண்டு பேராக ஊர் ஊராக போகும் இளைஞர்கள் இந்த சபையை சேர்ந்தவர்கள். அவர்களுக்கு பின்னால் வயதான தம்பதிகளும் போகிறார்கள் என்பது பலருக்கு தெரியாது. 6 மாதம், 12 மாதம், 18 மாதம், 23 மாதம் என்று கணக்கு. எந்த நாடு என்பதை சபைதான் முடிவு செய்யும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாடு. தலைநகர் அக்ராவில் இருந்து கடலோரமாக மேற்கே போனால் கேப் கோஸ்ட். அங்கே போடப்பட்ட ஒரு தம்பதிக்கு வாரம் எப்படி போகும்?

"கேஸ் தீர்ந்து போச்சு!"

திங்கட்கிழமை, இளைஞர்களுக்கு துணி துவைக்கும் நாள். கடைக்கு போவதும், வீட்டுக்கு பேசுவதும் அன்றுதான்.

ஆனால் தாத்தாவுக்கு அன்று லீவு கிடையாது. காலையிலேயே டெலிபோன் அடிக்கும்.

"கேஸ் தீர்ந்து போச்சு."

"தண்ணீர் பம்பு ஓடலை."

"இவனுக்கு ராத்திரி முழுக்க காய்ச்சல்."

கடைசி செய்திதான் பாட்டியின் வயிற்றை கலக்கும். கானாவில் மலேரியா உண்டு. காய்ச்சல் என்றால் உடனே ரத்த பரிசோதனை. பெற்ற தாய் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறாள். இங்கே தாய் இவள்தான்.

போதனை செய்ய போனவர்கள்தானே என்று நினைப்பீர்கள். வாசல் வாசலாக கதவை தட்டுவது இளைஞர்களின் வேலை. கிழவருக்கு கிடைப்பதோ வார்டன் வேலை, குமாஸ்தா வேலை, டிரைவர் வேலை!

ஒரு வேடிக்கை. 18 வயது பையனுக்கும் இந்த சபையில் "எல்டர்" என்றுதான் பட்டம். அதாவது மூப்பர்! எழுபது வயது மூப்பர், பதினெட்டு வயது மூப்பருக்கு மெத்தை தூக்கி கொண்டு போகிறார்.

குளியலறை சோதனை

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ரோட்டில்தான். வண்டியின் பின்னால் மெத்தை, கொசுவலை, தண்ணீர் வடிகட்டி. "டிரோ டிரோ" என்ற வாடகை வேன்கள் நினைத்த இடத்தில் நிற்கும். நம்ம ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் என்று வைத்து கொள்ளுங்கள். தெரு பிள்ளைகள் "ஒப்ரூனி! ஒப்ரூனி!" என்று கத்துவார்கள். வெளிநாட்டுக்காரர் என்று அர்த்தம்.

இளைஞர்கள் தங்கி இருக்கும் வீட்டில் பாட்டி நுழைந்தால் நேரே அடுப்பங்கரை. ஐஸ் பெட்டியை திறந்து மோந்து பார்ப்பாள். அப்புறம் குளியலறை. சுத்தமாக இருந்தால் கையோடு கொண்டு வந்த வாழைப்பழ கேக் கிடைக்கும். இல்லாவிட்டாலும் கிடைக்கும், கொஞ்சம் திட்டோடு.

கரண்டு போவதும் வருவதும் அங்கே சகஜம். அதற்கு "தும்சோர்" என்றே ஒரு பெயர் வைத்து இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கணக்கு வழக்கு. வீட்டு வாடகை கட்ட வேண்டும். வெளிநாட்டு இளைஞர்களின் தங்கும் அனுமதியை புதுப்பிக்க வேண்டும். டாக்டர் தம்பதியாக இருந்தால் வேலையே வேறு. பிறந்த குழந்தைக்கு மூச்சு வராவிட்டால் என்ன செய்வது என்று உள்ளூர் நர்சுகளுக்கு பயிற்சி கொடுப்பார்கள்.

கடற்கரையில் நடந்தது

கேப் கோஸ்ட் கடற்கரையில் பழைய கோட்டை ஒன்று நிற்கிறது. கறுப்பர்களை அடிமைகளாக அடைத்து வைத்து கப்பல் ஏற்றிய கோட்டை.

அந்த ஊரில் பில்லி ஜான்சன் என்று ஒருவர் இருந்தார். 1964-ல் மார்மன் புத்தகம் அவர் கைக்கு வந்தது. படித்தார். சபை கூட்டினார். "எங்களுக்கு ஆள் அனுப்புங்கள்" என்று சால்ட் லேக் சிட்டிக்கு கடிதம் மேல் கடிதம் போட்டார்.

ஆள் வரவில்லை. ஏன்?

கறுப்பர்களுக்கு குருத்துவ பட்டம் கிடையாது என்று அந்த சபை நூறு ஆண்டுக்கு மேலாக தடை வைத்து இருந்தது! கடவுளின் பெயரை சொல்லி நிறம் பார்த்தார்கள். வேறு எப்படி சொல்வது? அதற்கு சொல்லி வந்த பழைய காரணங்களை 2013-ல் சபையே கைகழுவியது.

1978 ஜூனில் தடை நீங்கியது. அந்த நவம்பரில் இரண்டு தம்பதிகள் முதல் ஆட்களாக மேற்கு ஆப்பிரிக்காவில் வந்து இறங்கினார்கள். ரெண்டல் மேபி, மனைவி ரேச்சல். எட்வின் கேனன், மனைவி ஜேனத். மேபிக்கு அப்போது 70 வயது!

முதலில் நைஜீரியா. பிறகு கானா. டிசம்பர் 9-ந் தேதி கேப் கோஸ்ட் கடலில் ஞானஸ்நானம் நடந்தது. ஒரே நாளில் 80 பேருக்கு மேல். 14 வருடம் காத்து கிடந்த பில்லி ஜான்சனும் அதில் ஒருவர்.

கானா அரசு 1989 ஜூனில் சபையின் நடவடிக்கைகளை தடை செய்தது. வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குள் ஜெபம் நடத்தினார்கள். 1990 நவம்பரில் தடை போனது. 2004-ல் அக்ராவில் பெரிய கோவிலே கட்டி விட்டார்கள்.

டீயும் இல்லை, காபியும் இல்லை

சனிக்கிழமை என்றால் கானாவில் சாவு சடங்கு. பந்தல், வாடகை நாற்காலி, ஸ்பீக்கர் பாட்டு. கறுப்பும் சிவப்புமாக உடை உடுத்தி ஊரே வரும். சபைக்காரர் வீட்டு சாவு என்றால் இந்த தம்பதியும் போய் உட்கார வேண்டும். உள்ளூர் பாஷை பாந்தே, பேச்சு புரியாது. ஆனாலும் எழுந்து வர முடியாது. அவித்த மக்காச்சோள மாவு உருண்டையான கெங்கேயும், பொரித்த மீனும் கொடுப்பார்கள். டீ, காபி தொட மாட்டார்கள். சபை விதி!

ஞாயிறு காலை 2 மணி நேரம் ஆராதனை. சாயங்காலம்தான் அவர்களுடைய நேரம். கானாவில் மாலை 6 மணி என்றால் யூட்டாவில் காலை 11 அல்லது 12. போனில் பேத்தியின் முகம் தெரியும். போகும்போது தவழ்ந்த குழந்தை, இப்போது ஓடுகிறது. "கிட்ட வா" என்றால் வராது. அதற்கு இவர்கள் போனில் வரும் தாத்தா - பாட்டி. அவ்வளவுதான்.

இதற்கு சம்பளம் ஒரு பைசா கிடையாது. சாப்பாடு, மருத்துவ காப்பீடு, வாடகை எல்லாம் தங்கள் பென்சன் பணம். வாடகைக்கு மட்டும் 2011-ல் உச்சவரம்பு வைத்தார்கள். மாதம் 1,400 டாலர். நம்ம பணத்தில் லட்ச ரூபாய்க்கு மேல்! அதற்கு மேல் போனால் சபை கொடுக்கும். வீட்டில் முக்கிய காரியம் என்றால் 10 நாள் ஊருக்கு போய் வரலாம் என்ற சலுகையும் அதே ஆண்டு வந்தது. டிக்கெட்? அதுவும் அவர்கள் செலவுதான்.

இன்னும் தம்பதிகள் வேண்டும் என்று சபை தலைவர்கள் மேடைக்கு மேடை கேட்கிறார்கள். கேட்ட அளவுக்கு ஆள் கிடைப்பது இல்லை. மூட்டு வலி, சர்க்கரை, பேரப்பிள்ளை என்று ஆயிரம் காரணம். இருக்கிற தம்பதிக்கு மாதம் முடிந்து, மாற்று தம்பதி வராவிட்டால், வண்டி சாவியும் வாடகை ரசீது கட்டும் 20 வயது "மூப்பர்" ஒருவர் கைக்கு போகும். குளியலறையை அவர்களே சோதித்து கொள்ள வேண்டியதுதான்!