நிலம் அளக்கும் படி

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது 1969-ஆம் வருஷம். எங்கள் அடுக்களைக்குக் கறிகாய் வருவது கோயம்பேட்டுச் சந்தை வழியாக. எந்த வயலில் விளைந்ததென்று கடைக்காரருக்கே தெரியாது.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், 1996-இல் தோன்றிய ‘ஸாலிட்யூட்’ பண்ணையில் வழக்கமே வேறு. பங்குப்பணம் செலுத்தும் குடும்பங்களுக்கு அவ்வப்போது விளைந்ததைக் கூடையிலிட்டு அளிக்கிறார்கள். நாம் கேட்டதன்று, நிலம் கொடுத்தது! ஜப்பானில் 1970-களில் பரவிய ‘தெய்க்கெய்’ ஏற்பாடும் இவ்வகையினதே. மழை பொய்த்தால் கூடை இளைக்கும். உழவரின் நஷ்டத்தில் உண்பவரும் கூட்டாளி.

சோதனை சமைப்பவருக்குத்தான். உருளைக்கிழங்கை எதிர்பார்த்திருக்கும்போது வாழைத்தண்டும் பப்பாளிக்காயும் வந்து சேரும். தண்டை வில்லைகளாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, மோர் கலந்த நீரில் போட்டால் கறுக்காது. பப்பாளிக்காயைச் சீவி, பால் போகக் கழுவி, பாசிப்பருப்பும் தேங்காயும் சீரகமும் சேர்த்துக் கூட்டு வைக்கலாம். சுரைக்காயென்றே எண்ணி உண்பார்கள். (கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேண்டாம்.)

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் உழவு இன்னும் நடக்கிறது. எங்கள் தெருவார் நாலைந்து குடும்பத்தினர் கூடி, அங்குள்ள உழவர் ஒருவரோடு இவ்விதம் பேசி வைத்துக்கொண்டால் என்ன? பணம் சேர்ப்பது எளிது. “இன்றும் கீரைதானா?” என்று முகம் சுளிக்காத வீடுகள் ஐந்து கிடைக்க வேண்டுமே!